பிராட்ஃபோர்டு வேலி பரேட்: மெயின் ஸ்டாண்டுக்கு அடியில் அந்தப் பொந்து எப்படி வந்தது?

மண்மைதானம் கேட்டது:

வணக்கம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் உள்ள பிராட்ஃபோர்டு சிட்டி அணியின் வேலி பரேட் மைதானத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதை எடுத்தாலும் 1985 மே 11 தீ விபத்தில்தான் தொடங்குகிறது. 56 பேர் இறந்தார்கள், நாலு நிமிடத்துக்குள் ஸ்டாண்ட் (பார்வையாளர் கேலரி) முழுக்கப் பற்றிக்கொண்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் "பழைய மர ஸ்டாண்ட்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மர ஸ்டாண்ட் இல்லாத ஊரே கிடையாதே.

எனக்குப் பிடிபடாதவை இவை. உட்காரும் தளத்துக்கு அடியில் பல வருடக் குப்பை கிடந்தது என்கிறார்கள். அவ்வளவு குப்பை சேர அங்கே இடம் ஏது? மைதானத்தைப் பார்த்த பக்கம் முழுக்கத் திறந்துதானே இருந்தது, புகையும் சூடும் அப்படியே வெளியே போயிருக்க வேண்டாமா? முன்னால் கம்பி வேலியும் இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் அத்தனை பேர் பின்பக்கம் போய் மாட்டிக்கொண்டார்கள்? இன்றைக்கு இருக்கும் மெயின் ஸ்டாண்ட் அதே இடத்தில்தான் நிற்கிறதா?

விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

பழைய_ஸ்கோர்போர்டு:

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் 1985-ல் இல்லை, 1886-ல் இருக்கிறது. பெயரில் உள்ள 'வேலி' (Valley) என்றால் ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு, கவனித்தீர்களா? மேற்கே சவுத் பரேட் தெரு உயரத்தில் ஓடுகிறது, கிழக்கே மிட்லண்ட் ரோடு தாழ்வில். நடுவில் மலைச்சரிவு. அந்தச் சரிவை வெட்டி நிரவித்தான் மைதானமே வந்தது.

முதலில் இது கால்பந்துக்கான இடமே இல்லை. மானிங்ஹாம் என்ற ரக்பி கிளப், தன் பழைய கார்லைல் ரோடு மைதானம் பள்ளிக்கூடம் கட்டப் போய்விட்டதால், 1886-ல் இங்கே வந்தது. நிலத்தில் பெரும்பகுதி மிட்லண்ட் ரயில்வே கம்பெனியிடம் குத்தகை. மண்ணை வெட்டி, மேடு பள்ளம் சரி செய்து, சாம்பலும் மண்ணும் கொட்டி, மேலே புல் பத்தைகளைப் பதித்தார்கள். 1895-96-ல் நார்தர்ன் யூனியன் என்ற புது ரக்பி அமைப்பின் முதல் சாம்பியன் இந்த மானிங்ஹாம்தான். அப்புறம் பணமுடை. 1903-ல் ரக்பியை விட்டுக் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்டு சிட்டி ஆனது. ஒரு ஆட்டம்கூட ஆடாத கிளப்பை நேரே இரண்டாம் டிவிஷனில் சேர்த்துக்கொண்டது ஃபுட்பால் லீக். ரக்பி கோட்டையாக இருந்த பகுதியில் கால்பந்து காலூன்ற வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது.

1908-ல் முதல் டிவிஷனுக்கு ஏறியதும், அந்தக் காலத்தில் பிரிட்டனில் பாதி மைதானங்களை வரைந்த ஆர்ச்சிபால்ட் லீச் என்பவரை அழைத்து மைதானத்தைப் பெரிதாக்கினார்கள். 5,300 இருக்கைகளோடு மெயின் ஸ்டாண்ட் வந்தது. மைதானத்தின் மொத்தக் கொள்ளளவு 40,000 ஆனது. 1911 மார்ச் 11-ல் பர்ன்லிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு 39,146 பேர் வந்தார்கள். அந்த எண்ணிக்கை இன்றுவரை உடையவில்லை. அந்த வருடம் கோப்பையும் இவர்களுக்கே. ஓல்டு டிராஃபோர்டில் நடந்த மறு ஆட்டத்தில் நியூகாசிலை 1-0 என்று வென்றார்கள், ஜிம்மி ஸ்பியர்ஸ் அடித்த கோல். அவர் 1917-ல் போரில் இறந்துபோனார். 1911-ல்தான் புதிதாகச் செய்த கோப்பையை முதல் தடவை கொடுத்தார்கள். அதைச் செய்ததும் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஃபத்தோரினி கம்பெனிதான்.

இப்போது பொந்து. 1908 ஸ்டாண்ட் சவுத் பரேட் பக்கச் சரிவின் மேல் உட்கார்ந்திருந்தது. தெருவிலிருந்து டிக்கெட் கேட் வழியாக உள்ளே வந்தால் நீங்கள் நிற்பது ஸ்டாண்டின் உச்சியில். அங்கே நீளவாக்கில் ஒரு நடைபாதை. அதிலிருந்து மைதானத்தை நோக்கிக் கீழே இறங்கி உட்கார வேண்டும். நம் ஊரில் கேலரி என்றால் கீழிருந்து ஏறுவோம்; அங்கே தலைகீழ். படிப்படியான பலகைத் தளத்தை மரச்சட்டத்தின் மேல் அடித்திருந்தார்கள். அடியில் இருந்த மலைச்சரிவை யாரும் காங்கிரீட் போட்டு மூடவில்லை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் நிமிர்ந்து போக முடியாத ஒரு இடைவெளி. பலகைகளுக்கு நடுவே சந்து. பேப்பர் கப், மிட்டாய்த் தாள், பழைய பேப்பர் என்று கையை விட்ட எல்லாமே அந்தச் சந்து வழியாகக் கீழே போய்விடும். பெருக்க ஆள் நுழைய வழி கிடையாது.

எவ்வளவு காலக் குப்பை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. தீக்குப் பிறகு அடியிலிருந்து எடுத்தவற்றில் 1968 நவம்பர் 4 தேதியிட்ட உள்ளூர் நாளிதழ் ஒன்றும், ஆறு பென்ஸ் என்று பழைய நாணயக் கணக்கில் விலை போட்ட வேர்க்கடலைப் பாக்கெட் உறையும் இருந்தன. அந்தப் பழைய நாணய முறையே 1971 பிப்ரவரியில் ஒழிந்துவிட்டது. அப்படியானால் குறைந்தது பதினாலு வருடம், அந்தப் பேப்பரை வைத்துப் பார்த்தால் பதினாறு வருடத்துக்கு மேல், அது அங்கேயே கிடந்து காய்ந்திருக்கிறது.

எதிர்ப்பக்கம் மிட்லண்ட் ரோடு ஓரமும் இதே சரிவால் பாடுபட்டது. அங்கே இருந்த ஸ்டாண்ட் அஸ்திவாரம் சரியில்லை என்று மூடப்பட்டு, அதன் இரும்புச் சட்டம் பெர்விக் ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு 400 பவுண்டுக்குப் போனது. 1954-ல் கட்டிய அடுத்ததையும் ஆறே வருடத்தில் இடிக்க வேண்டி வந்தது. கிழக்கே எது கட்டினாலும் நிற்கவில்லை, மேற்கே கட்டியது மட்டும் எழுபத்தாறு வருடம் அசையாமல் நின்றது. அதனால்தான் மேற்கு ஸ்டாண்டை யாரும் தொடவில்லை என்பது என் எண்ணம்.

கூரைவேலை:

நல்ல விளக்கம். இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். "முன்னால் திறந்திருக்கிறது, புகை போய்விடும்" என்பது பலரும் நினைப்பதுதான், ஆனால் தப்பு. சூடான புகை முதலில் மேலே ஏறும். பக்கவாட்டில் போவது அதற்குப் பிறகு. மேலே கூரை இருந்தால் அதன் அடிப்பக்கத்தில் முட்டி, நீளவாக்கில் பரவி, கூரை ஓரத்தை எட்டிய பிறகுதான் வெளியே வழியும். அதற்குள் கூரையின் அடிப்பக்கம் முழுக்கச் சூடேறிவிடும்.

வரிசையாகப் பார்த்தால் இப்படி வருகிறது. பிற்பகல் 3.40 மணி, இடைவேளைக்குச் சற்று முன். ஜி பிளாக்கில், பின்னாலிருந்து மூன்றாவது வரிசைக்கு அருகே, பலகைக்கு அடியில் ஒரு வெளிச்சம். நீதிபதி பாப்பிள்வெல் நடத்திய அரசு விசாரணை எட்டிய முடிவு: யாரோ தெரியாமல் போட்ட தீக்குச்சியோ, சிகரெட்டோ, பைப் புகையிலையோ சந்து வழியே விழுந்து குப்பையைப் பற்றவைத்தது. முதலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காலடியில் சூடு தெரிந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றலாம் என்றால் நெருப்பு பலகைக்குக் கீழே. தீயணைப்புக் கருவி தேடினால் ஸ்டாண்டில் ஒன்றுகூட இல்லை; விஷமிகள் எடுத்து அடித்து விளையாடுகிறார்கள் என்று முன்பே அகற்றியிருந்தார்கள்.

அடுத்து பலகை பற்றியது. இங்கேதான் சரிவு வில்லனாகிறது. சமதளத்தில் வைத்த விறகுக்கும், சாய்வாக நிறுத்திய விறகுக்கும் உள்ள வித்தியாசம் அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும். சரிவில் நெருப்பு மேல் படியை நோக்கிச் சாய்ந்து, தான் இன்னும் எட்டாத பலகையை முன்கூட்டியே காயவைத்துவிடும். அடியில் இருந்த இடைவெளியோ கீழிருந்து காற்றை இழுத்துக் கொடுத்தது.

கூரை மரம், மேலே தார் பூசிய ஃபெல்ட் விரிப்பு. சுடர் கூரையைத் தொட்டதும் கணக்கே மாறிவிட்டது. அதுவரை தீ ஒரு மூலையில் இருந்தது, மக்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூரையின் அடிப்பக்கம் பற்றியதும் சுடர் நீளவாக்கில் ஓடியது. ஆள் ஓடும் வேகத்தை அது மிஞ்சிவிட்டது. எரியும் தார் சொட்டுச் சொட்டாக மக்கள் மேல் விழுந்தது. முழுக் கூரையும் மேலிருந்து அனலை இறக்கியது, அடுப்புக்குள் வைத்த மாதிரி. தூரத்தில் இருந்த இருக்கைகள் சுடர் வந்து தொடாமலேயே பற்றிக்கொள்ளும் நிலை அது. முதல் வெளிச்சம் தெரிந்ததிலிருந்து நாலு நிமிடத்துக்குள் இத்தனையும்.

காயங்களைப் பார்த்தாலே வெப்பம் எங்கிருந்து வந்தது என்று புரியும். 265 பேருக்குக் குறையாமல் காயம்; பலருக்குத் தலையிலும் புறங்கையிலும் தீப்புண். தலையை மறைக்கக் கையை மேலே தூக்கியிருக்கிறார்கள்.

மண்மைதானம்:

இரண்டு பேருக்கும் நன்றி. தலைகீழ் ஸ்டாண்ட் என்றதும்தான் படம் பிடிபடுகிறது. அப்படியானால் உள்ளே வந்த வழி உச்சியில். மூன்றாவது கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறதா? கதவுகளைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்றும் படித்தேன், ஆட்டம் நடக்கும்போதா?

கேட்_பொறுப்பு:

ஆமாம், ஆட்டம் நடக்கும்போதுதான். டிக்கெட் இல்லாதவர்கள் நுழையாமல் இருக்கப் பின்பக்க வாயில்களைச் சாத்திவைத்து, ஆட்டம் முடியும் தறுவாயில் திறப்பது அங்கே வழக்கம். 3.40-க்குத் திறந்துவிட யாரும் நிற்கவில்லை. சுழலும் டிக்கெட் கேட்கள் உள்ளே வர மட்டும்தான் சுற்றும். வெளியே போக அவை சுவருக்குச் சமம்.

மனிதர்கள் ஆபத்தில் தாங்கள் வந்த வழியைத்தான் தேடுவார்கள். தீ விபத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காண்கிற விஷயம் இது. வந்த வழி உச்சியில், புகையும் உச்சியில். பின் நடைபாதையில் புகை நிரம்பி இருட்டானதும், கதவைக் கண்டுபிடித்தவர்களுக்கும் அது திறக்கவில்லை. இறந்தவர்களில் 27 பேர் கே வாயிலுக்கும் 6 முதல் 9 வரையிலான டிக்கெட் கேட்களுக்கும் அருகே கிடந்தார்கள். சில கதவுகளை வெளியே இருந்தவர்கள் உடைத்துத் திறந்ததால் பலர் பிழைத்தார்கள்.

முன்பக்கம் போனவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். மைதான ஓரத்தில் ஒரு மதில், அவ்வளவுதான். வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் அதில் திணறினார்கள். மற்றவர்களும் போலீஸ்காரர்களும் தூக்கி இறக்கினார்கள். அந்தக் காலத்தில் பல மைதானங்களில் ரசிகர் தொல்லைக்குப் பயந்து போட்டிருந்த உயரக் கம்பி வேலி அந்த ஸ்டாண்டின் முன் இருந்திருந்தால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. நாலு வருடம் கழித்து ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்டம் நசுங்கியபோது வேலி என்ன செய்யும் என்று உலகம் பார்த்தது, 97 உயிர்.

கணக்காகச் சொல்கிறேன். பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு "கிரீன் கைடு" என்ற வழிகாட்டி உண்டு. தீ அபாயம் அதிகமுள்ள ஸ்டாண்டை 2.5 நிமிடத்தில் காலி செய்ய முடிய வேண்டும். அபாயம் குறைந்த காங்கிரீட் ஸ்டாண்டுக்கு 8 நிமிடம் வரை போகலாம். இப்போதைய பதிப்பின்படி சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். 1.2 மீட்டர் கதவு என்றால் நிமிடத்துக்குச் சுமார் 98 பேர். 3,000 பேர் உள்ள ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 8 நிமிடத்தில் ஒரு கதவு 787 பேரை வெளியேற்றும், நாலு கதவு போதும். 2.5 நிமிடத்தில் 246 பேரைத்தான் வெளியேற்றும், பதின்மூன்று கதவு வேண்டும். அந்தப் பதின்மூன்றும் திறந்திருக்க வேண்டும், அல்லது உள்ளிருந்து தள்ளினால் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நிற்க வேண்டும். மர ஸ்டாண்டை வைத்துக்கொண்டு கதவையும் பூட்டினால், எந்தக் கணக்கிலும் ஆட்கள் வெளியே வர வழியில்லை.

இத்தனைக்கும் அது கிளப்பின் கொண்டாட்ட நாள். மூன்றாம் டிவிஷன் சாம்பியன் கோப்பையை ஆட்டத்துக்கு முன் வாங்கியிருந்தார்கள். லிங்கன் சிட்டியுடன் சீசனின் கடைசி ஆட்டம், 11,076 பேர் வந்திருந்தார்கள். இரண்டாம் டிவிஷனுக்கு ஏறுவதால் பாதுகாப்புச் சட்டம் கிளப்பின் மேல் பாயும், அதற்காக ஸ்டாண்டின் கூரையை மாற்ற எஃகு வாங்கி வைத்திருந்தார்கள். அதுவரை இந்த மாதிரிச் சின்ன கிளப்புகளைக் கேட்க ஆளே இல்லை.

பழைய_ஸ்கோர்போர்டு:

கேட்_பொறுப்பு, கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். 1975 சட்டத்தின் கீழ் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம் இல்லை என்பது சரி. 1971 ஜனவரி 2-ல் கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் இறந்த பிறகு வந்த சட்டம் அது. இங்கிலாந்தில் மேல் இரண்டு டிவிஷன்களுக்கு மட்டுமே அமல் செய்திருந்தார்கள். ஆனால் கேட்க ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்டாண்டுக்கு அடியில் எரியக்கூடிய குப்பை கிடக்கிறது, கவனமில்லாமல் போடும் ஒரு சிகரெட்டே தீ வைத்துவிடும் என்று 1984 ஜூலையிலேயே கவுண்டி கவுன்சிலிலிருந்து (நம் ஊர் மாவட்ட உள்ளாட்சி மாதிரி) கிளப்புக்குக் கடிதம் போயிருந்தது. பத்து மாதம் முன்பே காரணத்தோடு எழுதிவிட்டார்கள். கடிதம் போனதா, வேலை நடந்ததா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கில் 1987-ல் தீர்ப்பு வந்தபோது நீதிபதி பொறுப்பை மூன்றில் இரண்டு பங்கு கிளப் மேலும், ஒரு பங்கு கவுண்டி கவுன்சில் மேலும் வைத்ததற்கு இதுவும் காரணம்.

1983-ல்தான் கிளப் திவாலாகிப் பிழைத்து வந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணம் இல்லை, அது உண்மை. ஆனால் பின் கதவுக்கு ஒரு ஆளை நிறுத்தப் புது ஸ்டாண்ட் கட்டும் பணம் வேண்டியதில்லை.

கேட்_பொறுப்பு:

ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கடிதத்தை விட்டுவிட்டேன். சட்டம் பிறகு எப்படி மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு கீழ் டிவிஷன் கிளப்புகளையும் சான்றிதழ் வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1987-ல் வந்த புதுச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் கூரை போட்ட எந்த ஸ்டாண்டுக்கும் சான்றிதழ் வேண்டும் என்றது. புதிதாக மர ஸ்டாண்ட் கட்டுவது நின்றுபோனது. மைதான மேலாளர்கள் தினசரிப் பட்டியலில் இன்றும் இருக்கும் சில வரிகள் நேரே வேலி பரேடிலிருந்து வந்தவை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தளத்துக்கு அடியில் குப்பை பார்ப்பது, மக்கள் உள்ளே இருக்கும்வரை எந்த வெளிவாயிலையும் பூட்டாமல் ஆள் போடுவது, தீயணைப்புக் கருவியை அகற்றாமல், திருட்டுப் போகாத இடத்தில் வைப்பது.

கூரைவேலை:

மருத்துவத்தில் இந்த ஊர் விட்டுச்சென்றதையும் சொல்லாமல் விடக் கூடாது. நான் மேலே சொன்ன கைத் தீப்புண்கள் ஒரே நாளில் குவிந்ததால், பிராட்ஃபோர்டில் இருந்த பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் டேவிட் ஷார்ப் கையை உயர்த்தியே வைத்திருக்க ஒரு தூளி செய்தார். தீப்பட்ட கை தொங்கினால் நீர் கோத்து வீங்கும், விரல் மடங்கிப் போய்விடும். உயரத்தில் நின்றால் வீக்கம் வடியும். "பிராட்ஃபோர்டு ஸ்லிங்" என்று அதற்குப் பெயர், வேறு நாடுகளிலும் பயன்படுத்துகிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தீப்புண் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றும் தொடங்கியது. கிளப் ரசிகர்கள் இன்றுவரை அதற்குப் பணம் திரட்டித் தருகிறார்கள்.

பழைய_ஸ்கோர்போர்டு:

நாலாவது கேள்வி பாக்கி. ஆமாம், அதே சவுத் பரேட் ஓரம்தான், அதே சரிவுதான். பத்தொன்பது மாதம் அணி சொந்த மைதானம் இல்லாமல் லீட்ஸின் எலண்ட் ரோடு, ஹடர்ஸ்ஃபீல்டின் லீட்ஸ் ரோடு, ஊருக்குள்ளேயே இருந்த ஆட்ஸல் ரக்பி மைதானம் என்று அலைந்தது. 26 லட்சம் பவுண்டு செலவில் மறுபடி கட்டி, 1986 டிசம்பர் 14-ல் இங்கிலாந்து அணி ஒன்றுடன் ஆடித் திறந்தார்கள். 1991-ல் பிராட்ஃபோர்டு எண்ட், 1996-ல் மிட்லண்ட் ரோடு, 1999-ல் கோப் என்று ஒவ்வொரு பக்கமும் மாறியது. பிரீமியர் லீகில் இருந்த இரண்டு சீசன்களின் சூட்டில் மெயின் ஸ்டாண்டுக்கு இரண்டாம் அடுக்கு போட்டு 2001-ல் முடித்தார்கள். இப்போதைய கொள்ளளவு சுமார் 25,000. அந்தச் செலவும் சேர்ந்து 2002-ல் கிளப் கடனில் மூழ்கியது. 2003-ல் மைதானத்தையே ஒரு ஓய்வூதிய நிதிக்கு விற்றுவிட்டு, அதில் வாடகைக்கு ஆடத் தொடங்கினார்கள்.

நேரில் போகிறவர்களுக்கு: மைதானத்தில் நினைவிடம் உண்டு. நகர நடுவே சென்டினரி ஸ்கொயரில் இருப்பது ஜெர்மனியின் ஹாம் நகரம் தந்தது. ஒவ்வொரு வருடமும் மே 11 காலை 11 மணிக்கு அங்கேதான் கூடுகிறார்கள். இறந்த 56 பேரில் 54 பேர் பிராட்ஃபோர்டு ரசிகர்கள், இருவர் லிங்கன் ரசிகர்கள். அந்த இருவரின் பெயரில் லிங்கன் சிட்டியின் சின்சில் பேங்க் மைதானத்தில் ஒரு ஸ்டாண்ட் இருக்கிறது, ஸ்டேசி-வெஸ்ட் ஸ்டாண்ட் என்று.